கார்த்தூசியத் துறவிகள்: அளந்து வைத்த தனிமை

ஒருவர் கேட்டிருந்தார்: “பிரான்சில் கார்த்தூசியர் என்று ஒரு கத்தோலிக்கத் துறவற சபை இருக்கிறதாம். சாகும்வரை பேசமாட்டார்களாம், ஆளுக்கொரு அறையில் அடைந்தே கிடப்பார்களாம். உண்மையா? அப்படி இருந்தால் மனம் பேதலித்துவிடாதா? இத்தனை நூற்றாண்டு இந்தச் சபை எப்படித் தாக்குப்பிடித்தது?”

கேள்வியில் கொஞ்சம் வதந்தி கலந்திருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்த்தூசியர்கள் மௌனத்துக்கென்று வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. மடத்தில் நிலைத்திருப்பேன், கீழ்ப்படிவேன், என் வாழ்க்கையை மாற்றிக்கொள்வேன் என்பவைதான் அவர்கள் கொடுக்கும் வாக்கு. தேவையில்லாமல் பேசுவதில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரமும், வாரத்தில் ஒரு நாள் நடந்துகொண்டே சில மணி நேரமும் தாராளமாகப் பேசுவார்கள். அப்புறம், ஆளுக்கொரு அறை என்பதும் சரியில்லை. ஆளுக்கொரு வீடு, அதுவும் தோட்டத்தோடு.

மற்றபடி நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் உண்மைதான். கத்தோலிக்கத் திருச்சபையில் இவர்களைப் போலத் தனிமையில் வாழும் சபைகள் மிகக் குறைவு. 1084-இல் தொடங்கியவர்கள் இன்றும் அதே மலையில் இருக்கிறார்கள். எப்படி என்று கேட்டால் என்னுடைய பதில் இதுதான்: தனிமையை அவர்கள் அளவில்லாமல் அள்ளிக் குடிக்கவில்லை. எவ்வளவு தனிமை, எவ்வளவு கூட்டு, எத்தனை பேர், எவ்வளவு நிலம், எவ்வளவு வருமானம் என்று ஒவ்வொன்றையும் கணக்குப் பார்த்து வரம்பு கட்டினார்கள். கடுமையைவிட அந்தக் கணக்குதான் என்னைக் கவர்ந்தது.

சபையைத் தொடங்கிய புரூனோ கொலோன் நகரத்தில் 1030 வாக்கில் பிறந்தவர். பிரான்சின் ரெய்ம்ஸ் நகரப் பேராலயப் பள்ளிக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில் அது ஐரோப்பாவின் பெரிய கல்விக்கூடங்களில் ஒன்று. அவரிடம் படித்த ஓடோ என்பவர்தான் பின்னால் இரண்டாம் உர்பான் என்ற பெயரில் திருத்தந்தை ஆனார். ரெய்ம்ஸின் பேராயராக இருந்த மனாசே பதவியைக் காசு கொடுத்து வாங்கியவர் என்று குற்றம் சாட்டப்பட்டவர். புரூனோ அவரை வெளிப்படையாக எதிர்த்தார், அதனால் வேலையையும் உடைமைகளையும் இழந்தார். 1080-இல் மனாசே நீக்கப்பட்டதும் அடுத்த பேராயர் புரூனோதான் என்று பேச்சு அடிபட்டது. அந்த நேரத்தில்தான் அவர் எல்லாவற்றையும் விட்டுக் கிளம்பினார்.

திடீரென்று எடுத்த முடிவல்ல அது. ரெய்ம்ஸில் ஆதாம் என்பவரின் வீட்டை ஒட்டிய சிறு தோட்டத்தில் புரூனோவும் ரவுல், புல்சியுஸ் என்ற இரு நண்பர்களும் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது, மூவருமாக உலகத்தை விட்டுத் துறவு பூணுவதாக வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். புல்சியுஸ் ரோமுக்குப் போய்த் திரும்பி வரட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். அதற்குள் சூடு ஆறிவிட்டது. பல ஆண்டு கழித்து, இத்தாலியிலிருந்து ரவுலுக்கு எழுதிய கடிதத்தில் புரூனோ அந்தத் தோட்டத்தை நினைவுபடுத்தி, கொடுத்த வாக்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்று அன்போடு இடித்துரைக்கிறார். ரவுல் வரவில்லை. பின்னாளில் ரெய்ம்ஸின் பேராயராகவே ஆனார்.

புரூனோ முதலில் மொலெம் மடத்தின் அருகே கொஞ்ச காலம் தங்கிப் பார்த்தார். அந்த மடத்தின் அதிபர் ராபர்ட் பின்னாளில் சிட்டோ மடத்தைத் தொடங்கியவர்; சிஸ்டர்சியன் சபை அங்கிருந்து வந்தது. புரூனோ தேடியது இன்னும் ஆழமான தனிமை. ஆறு பேரோடு கிரனோபிள் ஆயர் ஹியூவிடம் போனார். ஏழு விண்மீன்கள் மலைக்காட்டுக்குள் வழிகாட்டுவது போல ஹியூ அதற்கு முன் கனவு கண்டிருந்தார் என்று சபையின் மரபு சொல்கிறது. கனவோ இல்லையோ, இடத்தைக் காட்டியது அவர்தான். ஆல்ப்ஸ் மலையின் ஷார்த்ரூஸ் பகுதி. செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகளும் பனியும் சூழ்ந்த காடு. 1084-இன் கோடையில் ஏழு பேரும் ஏறிப்போனார்கள். அவர்களில் இருவர், ஆந்த்ரேயும் கெரெனும், குருத்துவம் பெறாத பொதுநிலையினர். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் முக்கியமாகும்.

ஆறே ஆண்டில் புரூனோவின் தனிமை கலைந்தது. பழைய மாணவரான திருத்தந்தை உர்பான் 1090-இல் ஆலோசனைக்கு ரோமுக்கு வரச் சொல்லி ஆணை அனுப்பினார். தலைவர் போனதும் மலையில் இருந்தவர்கள் கலைந்தே போனார்கள். அவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் லந்துவின் என்பவரின் தலைமையில் திரும்பி ஏறினார்கள். ரெஜ்ஜோ நகரப் பேராயர் பதவி தேடி வந்தபோதும் புரூனோ ஏற்கவில்லை. தென் இத்தாலியின் கலாப்ரியாவில் இன்னொரு காட்டில் இன்னொரு தவக்குடில் அமைத்து, 1101 அக்டோபர் 6-ஆம் நாள் அங்கேயே இறந்தார். ஷார்த்ரூஸுக்கு அவர் திரும்பவே இல்லை.

ரவுலுக்கு எழுதிய அந்தக் கடிதத்தில் இன்னொரு பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. கலாப்ரியாவின் மலைகளுக்கு நடுவே விரிந்த சமவெளி, பூத்த புல்வெளிகள், ஓடைகள், பழத்தோட்டங்கள் என்று ரசித்து எழுதுகிறார். பிறகு, துறவிக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் போல, கடும் ஒழுங்காலும் ஆன்மிக முயற்சியாலும் களைத்த மனத்துக்கு இவை ஆறுதல் என்கிறார். எந்நேரமும் நாணேற்றியே வைத்த வில் தளர்ந்துபோய் வேலைக்கு ஆகாது என்கிறார். சபையைத் தொடங்கியவரே இப்படி நினைத்திருக்கிறார். கார்த்தூசியர் என்றால் உடலை வருத்திக்கொள்கிறவர்கள் என்று மட்டும் நினைப்பவர்கள் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும்.

புரூனோ எந்தச் சட்டநூலும் எழுதி வைக்கவில்லை. அதைச் செய்தவர் ஐந்தாவது அதிபர் கீகோ. 1109-இல் பதவிக்கு வந்தபோது இளைஞர். ஷார்த்ரூஸ் துறவிகளைப் போலவே வாழ ஆசைப்பட்ட பக்கத்து மடங்களின் அதிபர்கள் கேட்டதாலும், ஆயர் ஹியூ வற்புறுத்தியதாலும், 1120-களில் தங்கள் வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். சபையை உண்மையில் நிலைநிறுத்தியது கீகோதான் என்பது என் கருத்து.

தொகுப்பைப் படித்தால் நான் சொன்ன கணக்கு புரியும். மடத்தில் துறவிகள் 13 பேர் இருக்கலாம், மிஞ்சினால் 14. வேலை செய்யும் சகோதரர்கள் 16 பேர். ஏன் இந்த எண்? நிலம் வறண்டது, இதற்கு மேல் ஆள் சேர்த்தால் ஊர் ஊராகப் போய்க் கையேந்த வேண்டியிருக்கும், கையேந்தப் போனால் தனிமை போய்விடும் என்று கீகோ காரணமும் சொல்கிறார். ஆடுமாடுகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. மடத்து எல்லைக்கு வெளியே நிலம் வாங்கவே கூடாது. அக்காலத்தில் க்ளூனி போன்ற மடங்கள் நன்கொடை நிலங்களால் பெருத்துக்கொண்டிருந்தன. கார்த்தூசியர்கள் சிறியதாக இருப்பது என்று முடிவெடுத்து அதை எழுத்திலும் வைத்தார்கள்.

ஒவ்வொரு துறவிக்கும் என்னென்ன பொருள் கொடுக்க வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது. ஊசி, நூல், கத்தரி, சீப்பு. அதைவிட நீளமானது எழுதுவதற்கான பட்டியல்: மைக்கொம்பு, இறகுப்பேனா, சுண்ணக்கட்டி, தோல் தாளை மெருகேற்றும் நுரைக்கல், எழுதியதைச் சுரண்டும் கத்தி, அளவுகோல். படிக்க ஒரே நேரத்தில் இரண்டு புத்தகங்கள் எடுத்துப் போகலாம். புகையும் தூசியும் அழுக்கும் படாமல் காக்க வேண்டும். கடவுளின் வார்த்தையை வாயால் போதிக்க முடியாத நாங்கள் கையால் போதிக்கிறோம் என்று கீகோ எழுதுகிறார். நூல்களைப் படியெடுப்பதே அவர்களுடைய மறைபரப்புப் பணி. ஒன்பதாம் அதிபரான இரண்டாம் கீகோ, வாசிப்பு, தியானம், மன்றாட்டு, ஆழ்நிலை இறைக்காட்சி என நான்கு படிகளாகத் துறவியின் ஏணியை விளக்கி எழுதிய சிறு நூலை இன்றும் கத்தோலிக்க உலகம் முழுக்கப் படிக்கிறார்கள்.

சரி, அந்த வீட்டுக்கு வருவோம். மடத்தின் நடுவே பெரிய நாற்சதுரத் தாழ்வாரம். அதன் ஓரமாக வரிசையாகக் கதவுகள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சிறு திறப்பு. சாப்பாட்டைச் சகோதரர் அதில் வைத்துவிட்டுப் போவார், துறவி உள்பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்வார். கதவைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டடுக்கு வீடு. கீழ்த்தளத்தில் விறகு, தச்சுமேசை, சில வீடுகளில் கடைசல் இயந்திரம். சுற்றுச்சுவருக்குள் சிறு தோட்டம். அதில் காய்கறி போடலாம், பூச்செடி வளர்க்கலாம், புல் மண்டவும் விட்டுவிடலாம். அது அவரவர் பாடு. மேலே முதலில் ஒரு முன்னறை, அதில் மாதாவின் சுரூபம். வெளியே போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் துறவி அங்கே நின்று “அருள் நிறைந்த மரியே” சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார். அடுத்த அறையில்தான் வாழ்க்கை முழுவதும்: கட்டில், செபம் செய்ய மண்டியிடும் பலகை, படிக்கும் மேசை, ஜன்னலோரம் சாப்பாட்டு மேசை, விறகு அடுப்பு.

இந்த வீட்டிலிருந்து ஒருநாளில் மூன்று தடவைதான் துறவி கோயிலுக்குப் போகிறார்: நள்ளிரவு வழிபாடு, காலைத் திருப்பலி, மாலைப் புகழ் எனும் மாலைச் செபம். மற்ற வேளைகளின் செபங்களை மணியோசை கேட்டதும் வீட்டிலேயே தனியாகச் சொல்கிறார். கோயிலில் நிற்பதுபோலவே நின்று, வணங்கி, மண்டியிட்டுச் சொல்கிறார். எல்லா வீடுகளிலும் அதே நேரத்தில் அதே செபம் நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். சுவர்களுக்கு நடுவே தனியாக இருந்தாலும் அவர் ஒற்றை ஆள் இல்லை. தனிமை அவர்களைத் தின்றுவிடாமல் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

நாளின் உச்சம் நள்ளிரவுதான். மாலை எட்டு மணி வாக்கில் படுக்கிறவர்கள் பதினொன்றரைக்கு எழுந்துவிடுவார்கள். சற்று நேரம் வீட்டில் மாதாவுக்கான செபம். பன்னிரண்டே கால் மணிக்குக் கோயில். இரண்டு மணி நேரம், விழா நாள் என்றால் மூன்று மணி நேரம்கூடத் திருப்பாடல்களைப் பாடுவார்கள். ஆர்கன் கிடையாது, வேறு இசைக்கருவி எதுவும் கிடையாது. பழைய லத்தீன் வழிபாட்டு இசையான கிரகோரியன் பண்தான், ஆனால் மற்ற மடங்களைவிட நிதானமான போக்கில். மனப்பாடமாகத் தெரிந்த பகுதிகள் வரும்போது விளக்குகளை அணைத்துவிட்டு இருட்டில் பாடுவார்கள். பிறகு வீட்டுக்குப் போய் மறுபடி தூக்கம், காலை ஆறரை வரை. தூக்கத்தை இப்படி இரண்டு துண்டாக்கிக்கொள்வதுதான் புதிதாக வருகிறவர்களை மிகவும் படுத்தும். வாழ்நாள் முழுக்க அதுவே பழக்கம்.

சாப்பாட்டில் இறைச்சி எப்போதும் கிடையாது, நோயாளிக்கும் கிடையாது. மீன், முட்டை, பால்பொருள்கள், காய்கறி உண்டு. செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமை விழாவிலிருந்து உயிர்ப்புப் பெருவிழா வரை சபையின் நீண்ட நோன்பு: நண்பகலில் ஒரு முழுச் சாப்பாடு, மாலையில் ரொட்டியும் குடிக்க ஏதாவதும். வெள்ளிக்கிழமையில் பொதுவாக ரொட்டியும் தண்ணீரும்தான். இறைச்சி உண்ணாததால் உடல் கெட்டுச் சாகிறார்கள் என்ற குற்றச்சாட்டு இடைக்காலத்திலேயே எழுந்திருக்கிறது. அதற்குப் பதிலாகச் சபையில் நெடுங்காலம் வாழ்ந்த முதியவர்களைக் காட்டுவது அவர்கள் வழக்கம்.

இப்போது, முதலில் மலையேறிய ஏழு பேரில் இருந்த அந்தப் பொதுநிலையினர் இருவருக்கு வருவோம். துறவி வெளியே வராமல் வீட்டில் இருக்க வேண்டுமென்றால், சமைக்க ஒருவர் வேண்டும், விறகு வெட்ட ஒருவர், கூரை ஒழுகினால் பார்க்க ஒருவர். அதற்குத்தான் சகோதரர்கள். அவர்கள் குருக்கள் அல்லர். ஆனால் அவர்களும் முழுத் துறவிகள்தான், வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள்தான். பணியாள்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தொடக்க காலத்தில் குருத்துவத் துறவிகளின் வீடுகள் மலையின் மேலேயும், சகோதரர்களின் இல்லம் கீழேயும் இருந்தன. வெளியிலிருந்து வரும் ஆள், சரக்கு, செய்தி எல்லாம் கீழ் வீட்டிலேயே நின்றுவிடும். ஒருவரின் தனிமையை இன்னொருவரின் உழைப்பு காக்கிறது. இந்த அமைப்பு இல்லாவிட்டால் மற்ற பல தவக்குடில்களைப் போல இதுவும் ஒரு தலைமுறையில் கலைந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உணவறையில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். பேச்சு கிடையாது, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். பிற்பகலில் கூடிப் பேசும் நேரம். வாரம் ஒருமுறை, பெரும்பாலும் திங்கட்கிழமை, மூன்று நான்கு மணி நேரம் காட்டில் நடை. இரண்டிரண்டு பேராக நடப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஜோடி மாறும். இப்படி எல்லோரும் எல்லோரோடும் பேசிவிடுவார்கள். பிடித்தவரோடு மட்டும் ஒட்டிக்கொள்ள முடியாது, பிடிக்காதவரை ஒதுக்கவும் முடியாது. இந்த நடை விருப்பம் சார்ந்ததல்ல. தனிமையை மிகவும் விரும்புகிறேன், நடைக்கு வரவில்லை என்று ஒருவர் சொல்ல முடியாது. வீட்டாரைப் பார்க்க ஆண்டுக்கு இரண்டு நாள். செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி இல்லை. தெரிய வேண்டிய உலகச் செய்தியை அதிபர் சொல்வார்.

அதிகாரத்தையும் இதே போலக் கட்டி வைத்திருக்கிறார்கள். மற்ற சபைகளில் மடத்தலைவருக்குத் தரும் ஆபட் என்ற உயர்ந்த பட்டம் இந்தச் சபையில் கிடையாது, மோதிரம் செங்கோல் கிடையாது. ஒவ்வொரு மடத்துக்கும் ஓர் அதிபர். ஷார்த்ரூஸ் பெருமடத்தின் அதிபரே சபை முழுவதற்கும் தலைவர். அந்தத் தலைவர் தம் மடத்தின் எல்லையைத் தாண்டி வெளியே போகும் வழக்கம் இல்லை. முதல் பொதுப்பேரவை 1140 வாக்கில் நடந்தது. இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறது. அப்போது எல்லா அதிபர்களும், சபைத் தலைவரும்கூட, “இரக்கம் காட்டுங்கள்” என்று கேட்பார்கள். அதாவது என்னைப் பதவியிலிருந்து விடுவியுங்கள் என்று கேட்பார்கள். சிலருக்கு அந்த இரக்கம் கிடைக்கும். மற்றவர்கள் திரும்பிப் போய் இன்னும் இரண்டு ஆண்டு சுமப்பார்கள். பதவியை விட்டுப் போவதே சலுகை என்று வைத்த அமைப்பு இது. துறவற வரலாற்றில் பல மடங்கள் அதிபர் பதவிக்கான சண்டையிலேயே சீரழிந்திருப்பதால், இதன் அருமை தெரியும்.

இவ்வளவு ஏற்பாடும் வெளியிலிருந்து வந்த அடிகளைத் தடுக்கவில்லை. 1132 ஜனவரி 30-ஆம் நாள் பனிச்சரிவு வந்து புரூனோ அமைத்த மடத்தின் பெரும்பகுதியைத் துறவிகளோடு சேர்த்துப் புதைத்துவிட்டது. கீகோ ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் கீழே, பாதுகாப்பான இடத்தில் மறுபடி கட்டினார். அந்த இடத்திலும் தீ விபத்துகள் அடுத்தடுத்து வந்தன. இன்று படங்களில் பார்க்கும் நீலச்சாம்பல் கூரைக் கட்டடங்கள் பெரும்பாலும் 1676 தீக்குப் பிறகு எழுந்தவை.

இங்கிலாந்தின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தம் வீரர்கள் கொன்ற கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட்டின் கொலைக்குப் பரிகாரமாக அரசர் இரண்டாம் ஹென்றி விதம் என்ற ஊரில் இங்கிலாந்தின் முதல் கார்த்தூசிய மடத்தைத் தொடங்கினார். வேலை நகரவில்லை. ஷார்த்ரூஸிலிருந்து அவலோன் ஊர் ஹியூ அதிபராக அனுப்பப்பட்டார். வந்தவர் முதலில் கேட்டது கட்டடத்தைப் பற்றி அல்ல. மடத்துக்காக நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடியானவர்களுக்கு இழப்பீடு கொடுத்தாயிற்றா என்று கேட்டார். கடைசிக் காசு வரை அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கட்டத் தொடங்கினார். அரசர் ஓர் அழகான விவிலியப் பிரதியைப் பரிசாகத் தந்தபோது, அது வின்செஸ்டர் துறவிகளிடமிருந்து வாங்கி வந்தது என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1186-இல் லிங்கன் ஆயரானார். 1220-இல் புனிதர் பட்டம் பெற்றார்.

லண்டனிலும் ஒரு மடம் இருந்தது. 1371-இல், கொள்ளைநோயில் இறந்தவர்களைப் புதைத்த நிலத்தை ஒட்டி எழுந்தது. எட்டாம் ஹென்றி தன்னைத் திருச்சபையின் தலைவர் என்று அறிவித்தபோது அதன் அதிபர் ஜான் ஹட்டன் அதை ஏற்க மறுத்தார். 1535 மே 4-ஆம் நாள் அவரையும் பீவேல், ஆக்ஸ்ஹோம் மடங்களின் அதிபர்களையும் லண்டனின் கொலைக்களமான டைபர்னுக்கு இழுத்துப் போய்த் தூக்கிலிட்டு, உயிர் போகுமுன் வயிற்றைக் கிழித்தார்கள். ஹட்டனின் கையை வெட்டி அவருடைய மடத்து வாசலிலேயே தொங்கவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் அப்போதும் பணியவில்லை. 1537-இல் பத்துப் பேரை நியூகேட் சிறையில் அசைய முடியாதபடி தூணில் கட்டிப் பட்டினி போட்டார்கள். அதே காரணத்துக்காக முன்பே கொல்லப்பட்டிருந்த முன்னாள் அமைச்சர் தாமஸ் மோரின் வளர்ப்பு மகள் மார்கரெட் காவலருக்குக் காசு கொடுத்து, பால்காரி வேடத்தில் உள்ளே போய், கை கட்டப்பட்டிருந்த அவர்களுக்கு ஊட்டிவிட்டார். அதுவும் தடுக்கப்பட்டது. ஒன்பது பேர் அங்கேயே இறந்தார்கள். பத்தாமவர் வில்லியம் ஹார்ன் 1540-இல் கொல்லப்பட்டார். 1535-க்கும் 1540-க்கும் இடையில் நம்பிக்கைக்காக உயிர் கொடுத்த கார்த்தூசிய மறைசாட்சிகள் மொத்தம் 18 பேர். பிறர் கண்ணில் படாமல் வாழத்தான் இவர்கள் துறவு பூண்டார்கள். அப்படிப்பட்டவர்கள் ஊர் நடுவே இப்படி நின்றதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனத்துவிடும்.

பிரெஞ்சுப் புரட்சியில் 1792-இல் ஷார்த்ரூஸிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள், 1816-இல் திரும்பினார்கள். துறவற சபைகளுக்கு எதிராக 1901-இல் கொண்டுவந்த சட்டத்தைக் காட்டி அரசு 1903-இல் மறுபடி வெளியேற்றியது. அப்போது சபையின் தலைமை இத்தாலியில் லூக்கா அருகிலுள்ள ஃபர்னெத்தா மடத்துக்குப் போனது. பெருமடத்துக்குத் திரும்பியது 1940-இல்தான். அதே ஃபர்னெத்தா மடம் இரண்டாம் உலகப்போரில் நாஜிகளிடமிருந்து தப்பியவர்களுக்கு, யூதர்கள் உட்பட, அடைக்கலம் கொடுத்தது. 1944 செப்டம்பர் முதல் நாள் இரவு எஸ்.எஸ். படையினர் உள்ளே புகுந்தார்கள். அடுத்த சில நாள்களில் 12 துறவிகள் கொல்லப்பட்டார்கள். வெனிசுவேலாவில் ஆயராக இருந்து, அதை விட்டு வந்து நவதுறவியாக, அதாவது பயிற்சியில் இருக்கும் புதுத் துறவியாகச் சேர்ந்திருந்த சால்வதோர் மொந்தெஸ் தெ ஓக்காவும் அவர்களில் ஒருவர்.

பணத்துக்கு என்ன செய்கிறார்கள் என்று அடுத்து கேட்பீர்கள். அதற்கு ஒரு மதுபானம். 1605-இல் தளபதி தெஸ்த்ரே என்பவர் பாரிஸிலிருந்த கார்த்தூசிய மடத்துக்கு ஒரு மூலிகைச் சாற்றின் செய்முறையைக் கையெழுத்துப் பிரதியாகக் கொடுத்தார். படித்துப் புரிந்து, செய்து பார்த்து, சீராக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1764-இல் 69 சதவீதச் சாராயச் செறிவோடு மருந்துத் தைலமாக விற்கத் தொடங்கினார்கள். 1840-இல் 55 சதவீதத்தில் பச்சை ஷார்த்ரூஸ் என்ற மது வந்தது. 130 செடிகொடிகள் சேர்கின்றன. முழுச் செய்முறை ஓரிரு துறவிகளுக்கு மட்டுமே தெரியும். 1903-இல் வெளியேற்றியபோது அரசு பெயரையும் ஆலையையும் பறித்து விற்றது. துறவிகள் ஸ்பெயினின் தாரகோனாவில் தொடர்ந்து காய்ச்சினார்கள். செய்முறை இல்லாமல் பெயரை மட்டும் வாங்கிய நிறுவனம் 1929-இல் திவாலானது. உள்ளூர் ஆதரவாளர்கள் அதன் பங்குகளை வாங்கித் துறவிகளுக்கே கொடுத்துவிட்டார்கள்.

சமீபத்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். உலகம் முழுக்க இந்த மதுவுக்குத் தேவை ஏறிக்கொண்டிருக்க, உற்பத்தியைக் கூட்டுவதில்லை என்று துறவிகள் முடிவெடுத்தார்கள். 2023-இல் அது வெளியே தெரிய வந்தது. செபத்துக்கும் தனிமைக்கும் உரிய நேரத்தை ஆலைக்குக் கொடுக்க மாட்டோம், பிழைப்புக்குத் தேவையானது போதும் என்றார்கள். வியாபாரிகளுக்கு இது விளங்கவில்லை. 13 பேருக்கு மேல் வேண்டாம் என்று கீகோ எழுதியதைப் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

பெண்களும் இந்தச் சபையில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1145 வாக்கில் புரோவான்ஸ் பகுதியின் பிரெபாயோன் மடத்துக் கன்னியர்கள் கார்த்தூசிய வழக்கங்களை ஏற்றார்கள். இன்றும் பெண்கள் மடங்கள் இயங்குகின்றன. நடுக்காலத்தின் இறுதியில் ஏறத்தாழ இருநூறு மடங்கள் இருந்த சபை இன்று மிகவும் சிறியது. ஆனால் ஐரோப்பாவோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலும், பிரேசிலிலும், அர்ஜென்டினாவிலும், தென்கொரியாவிலும் மடங்கள் இருக்கின்றன.

புகழையும் வேண்டாம் என்று வைத்தவர்கள் இவர்கள். துறவிகள் புத்தகம் எழுதினால் பெரும்பாலும் பெயர் போடுவதில்லை, “ஒரு கார்த்தூசியர்” என்று மட்டும் இருக்கும். இறந்தால் சவப்பெட்டி கிடையாது. முகத்தை முக்காட்டால் மூடி, பலகையில் கிடத்தி மண்ணுக்குள் இறக்குவார்கள். மேலே பெயரில்லாத மரச்சிலுவை. தங்கள் ஆள்களுக்குப் புனிதர் பட்டம் வாங்கித் தரவும் சபை முனைவதில்லை. புரூனோவுக்கே முறையான பட்டமளிப்பு நடக்கவில்லை. அவரைப் புனிதராக வணங்க 1514-இல் பத்தாம் லியோ சபைக்கு அனுமதி தந்தார், 1623-இல் அவருடைய விழா திருச்சபை முழுவதற்கும் விரிந்தது.

மனம் பேதலிக்காதா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆபத்து உண்மையானது, அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சேர்ப்பதில் அவசரமே கிடையாது. விருப்பம் தெரிவிப்பவரை முதலில் சில வாரம் மடத்திலேயே தங்கி வாழ்ந்து பார்க்கச் சொல்வார்கள். பிறகு சில மாதம் முதல் ஓராண்டு வரை தேர்வுநிலை, இரண்டு ஆண்டு நவதுறவு. வெள்ளை உடைக்கு மேல் கறுப்பு மேலங்கி போட்டிருப்பவர் நவதுறவி என்று அடையாளம் காணலாம். அடுத்து மூன்று ஆண்டுக்குத் தற்காலிக வார்த்தைப்பாடு, அதை இன்னும் இரண்டு ஆண்டுக்குப் புதுப்பிப்பார்கள். இறுதி வார்த்தைப்பாடு வர மொத்தம் ஏழெட்டு ஆண்டு ஆகிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் மடத்தில் உள்ளவர்கள் வாக்களிக்க வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களைப் பொதுவாக எடுப்பதில்லை, பழக்கங்கள் இறுகிவிட்டிருக்கும் என்பதால். மனிதர்கள் மேல் வெறுப்போடு வருகிறவர் இங்கே நிலைக்க முடியாது. உலகத்தில் அடிபட்டு ஒளிந்துகொள்ள இடம் தேடி வருகிறவரும் அப்படியே. தனி வீட்டுக்குள் அவர் கொண்டுவந்த கசப்புதான் அவருக்குத் துணையாக இருக்கும். வருகிறவர்களில் பெரும்பாலோர் இடையிலேயே கிளம்பிவிடுகிறார்கள். அதை யாரும் தோல்வியாக எண்ணுவதில்லை.

நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: பெருமடத்துக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை, வாகனங்களும் பக்கத்தில் போக முடியாது. சகோதரர்கள் முன்பு வாழ்ந்த அந்தக் கீழ் வீடு, லா கொரெரி, இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. துறவியின் வீட்டைப் போலவே அமைத்த மாதிரியும் அதில் உண்டு. அங்கிருந்து மேலே செல்லும் பாதையில் நடந்தால் மடத்தின் சுற்றுச்சுவர் வரை போகலாம். அந்தப் பகுதி முழுக்க அமைதி காக்கச் சொல்லி அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அதை மதியுங்கள்.